நின்றுவிட்டேன்

வெள்ளிக்கிழமை இரவு.

காலையில் கிராஞ்சிப் பண்ணையிலிருந்து தேக்கா சந்தைக்குக் கீரை ஏற்றி வரும்போது, கண்ணாடியைப் பார்க்காமல் வேனைத் திருப்பினேன். சைக்கிளில் வந்தவர் தூக்கி எறியப்பட்டார். அசைவில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனாலும் ஆம்புலன்ஸை அழைத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரரிடம், "நான் பார்க்கல சார், என் தப்புதான்" என்றேன்.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். அவரோ கையில் கட்டோடு பரோட்டா தின்றுகொண்டிருந்தார்! பெயர் அந்தோணி, பூன் லேயில் வெல்டர்.

"ஹெல்மெட் காப்பாத்திடுச்சு லா. மணிக்கட்டு மட்டும்தான்."

"மன்னிச்சிடுங்கண்ணே. என் லைசென்ஸ் போயிடும் போல."

"அப்ப சைக்கிள் வாங்குங்க. சேர்ந்து ஓட்டுவோம். ஆனா நான் நல்லாத் தள்ளிப் பின்னாடிதான் வருவேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் தாதி வந்து அதட்டினாள். லைசென்ஸ் போனால் போகட்டும். மனிதர் இருக்கிறார்.