கூடத்தில் ஆட்டப் பாட்டு

மருமகளே,

நேற்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தை, விருந்துக்கு வந்த என் அக்கா, அவர் வீட்டுக்காரர், உன் ஸ்பீக்கருக்குள் கத்திய அந்த ஸ்பானிஷ் பாடகி. நடன வகுப்புக்கு நீ பாட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். "இது வீடா, டிஸ்கோவா?" என்று அக்கா சிரித்தார். நம் வீட்டைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அதனால்தான் எல்லார் முன்னாலும் உன்னை அதட்டினேன். அம்மா வீட்டுக்குப் போக நீ பெட்டி அடுக்கியதை அத்தை சொன்னாள். அப்புறம் எனக்குத் தூக்கமில்லை.

இன்று நீ வகுப்புக்குக் கிளம்பியதும் அத்தை தன் போனில் அந்தப் பாடகியின் ஆல்பத்தை முழுக்கப் போட்டாள். "மானம் போறதுக்கு இதுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள். இங்கிலீஷில் பாடுவதெல்லாம் ஒரே இடி. நடுவில் தன் சொந்த மொழியில் ஒன்று பாடுகிறாள். அது பரவாயில்லை.

அக்காவைப் பேருந்து ஏற்றிவிடப் போகிறோம். சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது, சூடாக்கிக்கொள். மாடிச் சாவி ஆணியில்.

மாமா

பி.கு.: வகுப்பு நடக்கும் இடம் ஒழுகுகிறதாமே. உன்னிடம் ஆடக் கற்கும் பெண்களை நம் கூடத்துக்கே வரச் சொல். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டேன், முதுகு பிடித்துக்கொண்டது. ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்.

இன்னொன்று. உன்னை நான் வீட்டை விட்டுப் போகச் சொன்னதாகக் கீழ்வீட்டில் பேச்சு. பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னேன். யாரையும் போகச் சொல்லவில்லை.