தேங்காயெண்ணெய் பூசிய குழாய்

பெட்டியைத் திறந்ததும் தேங்காயெண்ணெய் வாசனை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உங்கள் ஸ்டெதஸ்கோப் இன்னும் காங்கேயத்து எண்ணெய் மில்லைப் போல மணக்கிறது, அப்பா. "சும்மா கெடக்குது கண்ணு. சரி பண்ணி நீயே வெச்சுக்க" என்று அம்மா இன்று காலை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்காகத்தான் கையில் எடுத்தேன். உங்களுக்காக இல்லை.

கோபியில் இருந்த நம் கிளினிக்கில் உங்கள் காலை நேரம் எனக்கு மனப்பாடம். சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு, உள்ளங்கையில் சொட்டு எண்ணெய் விட்டுக் குழாயை மேலிருந்து கீழாக உருவுவீர்கள். வண்டிமாட்டுக் கொம்பு போல அது கறுத்து மினுங்கும். "டாக்டரய்யா சாமான எப்படி வெச்சிருக்காருங்க பாருங்க" என்று காத்திருப்பவர்கள் வியப்பார்கள். எண்ணெய் ஏற ஏறக் குழாய் விறைக்கும், பிறகு வெடிக்கும். இது மருத்துவம் படிக்கிற யாருக்கும் தெரியும். நெஞ்சில் வைக்கும் வட்டத்தின் மெல்லிய தகடான டயாஃப்ரம் உடைந்தபோது பழைய எக்ஸ்ரே படத்தை வட்டமாக வெட்டிப் பொருத்தினீர்கள். அது நன்றாகவே வேலை செய்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். குழாயைக் கெடுத்தது எண்ணெய். மற்றதையெல்லாம் கெடுத்தது உங்கள் வாய்.

அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. "ஏனுங்க, நெஞ்சு படபடன்னு வருதுங்க" என்று கிளினிக்குக்கே வந்து, நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்தாள். நீங்கள் ஸ்டெத்தை வைத்துக் கேட்டீர்கள். "வயித்துல கேஸு. ஒடம்பு போட்டுட்ட, அவ்வளவுதான். போய் வேலையப் பாரு." அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

நான் அப்போது மூன்றாம் வருட மாணவி. விடுமுறையில் வந்தபோது அந்தக் குழாயை வளைத்துப் பார்த்தேன். நெஞ்சில் வைக்கும் வட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வெடிப்பு வாய் திறந்தது. சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, காதுல மாட்டிட்டு டயாஃப்ரத்த ஒருக்கா தட்டிப் பாருங்க. சத்தம் சரியா வராது."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, கம்பவுண்டரைப் பார்த்தீர்கள். "கேட்டயா? அம்மணி எனக்குப் பாடம் எடுக்குது. இனி ஊசி எப்படிப் போடறதுன்னும் சொல்லிக் குடுக்கும்." அவர் சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நீங்கள் தட்டிப் பார்க்கவில்லை. விரலால் ஒரே ஒரு தட்டு. நான் உங்களிடம் கேட்டது அவ்வளவுதான்.

அன்று மதியம் சமையலறையில் என் ஸ்டெத்தை அம்மா நெஞ்சில் வைத்தேன். துடிப்புகளுக்கு நடுவே தாழ்ந்த குரலில் ஓர் உறுமல். ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று உங்களிடம் பொய் சொல்லி, அவளைக் கோவைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். எக்கோ ஸ்கேனில் அவள் இதய வால்வு சுருங்கிக் கிடந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

"மெஷினு கண்டதெல்லாஞ் சொல்லும்" என்றீர்கள் முதலில். வால்வு மாற்றி அவள் பிழைத்து வந்த பிறகு, பார்க்க வந்த சொந்தங்களிடம், "நாந்தான் மொதல்ல சந்தேகப்பட்டேன், அதான் கோயமுத்தூருக்கு அனுப்பிப்போட்டேன்" என்றீர்கள். அம்மா காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். கடைசி வரை நீங்கள் அந்தக் கதையைத்தான் சொன்னீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த கூடத்திலும் ஒருவர், "டாக்டரய்யா ஸ்டெத்த வெச்சாருன்னா நோவு தானாப் பேசுமுங்க" என்று அழுதார். அவர் அழுகை நிஜம். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

இன்று பழைய குழாயைக் கழற்றினேன். பிடித்து இழுத்ததும் காய்ந்த குச்சி போல முறிந்தது. உலோகத்தையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்தேன். புதுக் குழாயின் முனையை வெந்நீரில் நனைத்து ஏற்றினேன். காதுக் குமிழ்கள் புதிது, டயாஃப்ரம் புதிது. உங்களுடையது என்று இரும்பு மட்டும்தான் மிச்சம்.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். டிக், டிக் என்று அந்த உலோக வால்வு கடிகாரம் போலத் தெளிவாக மூடிக்கொண்டது.

"என்னடி கேக்குது?"

"உன் வால்வும்மா."

"உங்கப்பா இருந்திருந்தா..."

"கேஸுன்னு சொல்லியிருப்பாரு."

சிரித்துவிட்டாள். பிறகு, "செத்தவங்கள அப்படிச் சொல்லாத கண்ணு" என்றாள். அவள் உங்களை மன்னித்துவிட்டாள். அது அவள் நெஞ்சு, அவள் விருப்பம். என் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது, நீங்கள் செய்ய மறுத்த ஒரு பழக்கம் மட்டும்தான். நாளை காலை முதல் நோயாளி வந்து உட்கார்ந்ததும் உங்கள் ஸ்டெத்தைக் காதில் மாட்டுவேன். அவர் நெஞ்சில் வைப்பதற்கு முன், அவர் பார்க்கவே, டயாஃப்ரத்தை விரலால் ஒருமுறை தட்டுவேன்.