இறங்காமலே அளக்கலாம், தம்பி

அக்கா இடுப்பில் சுமந்து வளர்த்த என் ராசா செல்வத்துக்கு,

நேற்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு உன் முதலாளிதான் சிறப்பு விருந்தினர். கூப்பிட்டதே நான்தான். கோபப்படாதே, முழுசாகக் கேள்.

அவருடைய ஆம்பூர் தோல் டேனரியில், கழிவுத் தொட்டிக்குள் நீ செத்துக் கிடந்தாய். "நான் ஊர்லயே இல்ல, குடிச்சிட்டுத் தானா எறங்கிட்டான்" என்றார் அவர். அதையே எழுதிக் கேஸை மூடினார்கள். சாராய வாடை அடித்தால் பஸ்ஸில் சீட்டு மாறி உட்காருவாயே, உன்னைப் போய்! குடிகாரன் அம்மா என்ற பேச்சுக்குப் பயந்து அம்மா தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டாள்.

வியாழனைச் சுற்றும் அயோ நிலாவைப் பிள்ளைகள் செய்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் கம்பியில் தொங்கியது விண்கலம். அவர் மைக்கை வாங்கிக் கேட்டார்: "நெலாவுல எறங்கவேயில்லயே, அங்க இன்னா வாயு இருக்குன்னு எப்டிம்மா தெரியும்?" பிள்ளைகளை முந்திக்கொண்டு நானே பதில் சொன்னேன்:

"கிட்ட பறந்து போய்க் கருவியில அளந்தாங்க சார். அது பூரா கந்தகம். நம்ம தொட்டியிலயும் கந்தக வாயுதான். மொதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும். ஜாஸ்தியாயிட்டா மூக்கு மரத்துப்போயிடும், ஒண்ணும் தெரியாது. நாத்தம் போச்சு, வாயுவும் போச்சுன்னு நம்மாளுங்க எறங்கிடுவாங்க. என் தம்பி செல்வம் அப்டித்தான் போனான்."

அப்போதுதான் என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. முகம் வெளிறிவிட்டது. மைக் கையில் இருப்பதையே மறந்துவிட்டார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நானே குனிஞ்சு மோந்து பார்த்தேன். நாத்தமே இல்ல. அதனாலதான் அவனை எறங்கச் சொன்னேன்!"

கூடமே கேட்டது. பாதிப் பேர் அவரிடம் வேலை செய்பவர்கள்.

"ஊர்லயே இல்லன்னீங்களே சார்?" என்றேன். நான் வற்புறுத்திக் கூட்டிவந்திருந்த அம்மா முன்வரிசையில் எழுந்து நின்றாள். "எம்புள்ள குடிக்கலடா!" என்று கத்தினாள். ஆகா, அந்த ஆள் முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும்!

எனக்கு அவர்மேல் பாவமே வரவில்லை. வர வேண்டுமா, நீயே சொல்லு?

பிள்ளைகளின் போன்களில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. கேஸை மறுபடி திறக்க நாளைக்கே வேலூரில் வக்கீலைப் பார்க்கிறேன். அம்மாவும் வருகிறாள், நம் தெரு வழியாகவே நடந்து. அவரைக் கூண்டில் ஏற்றும்வரை ஓயமாட்டேன். உன்மேல் சத்தியம்.

அவரை விடப்போகாத
உன் அக்கா