ஒளித்து வைத்த வில்

09.07.96 செவ்வாய்

இன்று சொல்லாதது: வில் என்னிடம்தான் இருக்கிறது.

கச்சான் காற்று, அந்த வரட்டு மேல்காற்று, மூன்றாம் நாளாக. வாசலை இரண்டு தரம் கூட்டினேன். வீண். சோற்றிலும் மணல்.

பின்னேரம் அடுத்த ஊர் பாண்டிருப்பு, சுகந்தி வீடு. அவளுடைய வயலின் வில் முறிந்து ஒரு மாதம். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனபோது தலைப்பக்கம் போய்விட்டது. பசை வைத்து நூல் சுற்றியிருக்கிறாள். வில்லின் குதிரைமுடியை இறுக்கினால் மறுபடி வாய் திறக்கிறது. 20ஆம் திகதி மட்டக்களப்பில் சங்கீத ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் தெரிவு. அடுத்த வருடம் வயது கூடிவிடும், ஆகவே அவளுக்கு இதுதான் கடைசி.

இப்போது அவள் கையில் இருப்பவை:
– மட்டக்களப்புக் கடை வில். புதிது, மெல்லியது. பிடிக்காவிட்டால் ஞாயிறுக்குள் திருப்பலாம்.
– கல்முனைத் தேவாலயத்து வில். போதகர் இரவல் தந்தது. பழையது, பாரம். தெரிவு முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

"உன்ர வில் எங்கடி?" என்றாள் சு. "வாப்பா கொழும்பில வாங்கித் தந்தாரே, அது?"

"அதெல்லாம் அந்த நேரத்தோட போயிற்று."

'அந்த நேரம்' என்று சொன்னால் இங்கே யாரும் மேலே கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

10.07 புதன்

காற்று. நூலகப் புத்தகம் இரண்டும் தவணை கடந்துவிட்டன. ஒன்று இன்னும் பாதிதான். பகலுக்குச் சூரைமீன் ஆணம், உம்மாவுக்குக் கால் வீக்கம் குறைவு.

நாள் முழுக்க அந்தப் பழைய வகுப்பறை. பாடசாலைக்கு ஒரே வயலின், படிக்க நாங்கள் இருவர். அவள் வாசிக்க நான் கேட்பேன், பிறகு நான் வாசிக்க அவள். கேட்கிற முறையில்தான் நான் கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு எந்த விரல் தள்ளி விழுந்தது என்று சொல்லிவிடுவேன். சு. ஆத்திரத்தில் கிள்ளுவாள்.

பாடசாலை வில் முடி உதிர்ந்து மொட்டை. வாப்பா சாறன் துணி விற்கக் கொழும்புக்குப் போய் வருகிறவர், ஒன்று வாங்கி வரச் சொன்னேன். கடையில் இருந்ததையெல்லாம் கையில் தூக்கிப் பார்த்து, மீன் வாங்குகிற மாதிரி, ஆகப் பாரமானதை வாங்கி வந்தார். அது வயலினுக்குரியதல்ல, அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவுக்கு. கடைக்காரர் சொல்லியும் இருக்கிறார். "பெரிசுக்குள்ளது எண்டா இன்னும் நல்லம்தானே" என்றார் வாப்பா. சு. ஒரு கிழமை சிரித்தாள். பிறகு அந்த வில்லைத் தரவே மாட்டேன் என்றாள். கீழ்த் தந்தியில் வைத்து இழுத்தால் கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல் ஒரு இருட்டான நாதம். இன்றைக்கும் காதில் இருக்கிறது. பல் துலக்கும்போது, அரிசி களையும்போது, காரணமில்லாமல் வரும்.

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகள் எங்கள் பாடசாலைக்கு, தமிழ்ப் பிள்ளைகள் அவர்கள் பாடசாலைக்கு. வயலின் வாசிக்காதே என்று யாரும் என்னைச் சொல்லவில்லை. வயலின் அந்தப் பக்கம், வில் இந்தப் பக்கம். அவ்வளவுதான் நடந்தது.

அலுமாரி மேல்தட்டில், பழைய சாறன் துணியில் சுற்றியபடி. ஆறு வருடமாக நான் பிரித்ததில்லை. வாசிக்கப்போவதும் இல்லை. அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இதை ஒரு நியாயமாக எழுதிப் பார்த்தேன். எழுதிய பிறகு நியாயமாகத் தெரியவில்லை.

12.07 வெள்ளி

ஜும்ஆவுக்கு ஆண்கள் போனதும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துணியோடு அப்படியே. பிரித்துப் பார்த்தால் மனம் மாறும்.

சோதனைச் சாவடியில் ஒரு சின்ன ஆமிக்காரன் துணியின் நுனியை விலக்கினான். தாடையில் வைத்து வாசிப்பதுபோல் கையால் காட்டிச் சிரித்தான். நாங்கள் நிலத்தில் அமர்ந்து, பாதத்தில் சாய்த்து வைத்து வாசிப்போம் என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. நானும் சிரித்தேன்.

சு. துணியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"போயிற்றெண்டாய்?"

துணியோடு நீட்டினேன்.

"செவ்வாய்க்கிழமை கேட்டனே. முகத்தப் பாத்துச் சொன்னியே. வாய் கூசல்லியாகா உனக்கு?"

"கூசிச்சு."

"கூசிச்சாம்! ஒரு மாசமாப் பசை ஒட்டி ஒட்டி வாசிக்கிறன் நான்."

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா: "வந்த பிள்ளைய வாசல்ல வெச்சு ஏசாத. உள்ளுக்குக் கூப்பிட்டு ஏசு."

உள்ளே கூப்பிட்டு ஏசினாள். பால் விடாத பிளேன்ரீ வந்தது. ஏச்சு பாதியில் நின்றது.

பிறகு எங்கள் பழைய முறை. வாசிக்கிறவளுக்குக் கை சொல்வதும் காது சொல்வதும் கலந்துபோகும். ஆகவே கேட்கிறவள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும், எந்த வில் என்று தெரியக்கூடாது. நான் குசினிப் படியில், கோழிகளைப் பார்த்தபடி. அவள் அறைக்குள் ரோசின் கட்டியை முடியில் தேய்க்கும் சத்தம். நேரம் எடுத்தாள். மூன்று வில்லிலும் ஒரே வர்ணத்தின் முதல் வரிகள். என் குறிப்பு, அப்படியே:

1 – மெலிவு. வழுக்குகிறது. பிடிமானம் இல்லை. கடை வில்.
2 – தெளிவு. மேலே போனால் கீச்சு.
3 – இருட்டு. கிணறு. இதுதான்.

மூன்றாவது தொடங்கியதும் கண் கலங்கிவிட்டது. திரும்பாமலே சொன்னேன்: "மூண்டு. அது என்ர. வெச்சுக்கொள்."

அறைக்குள் ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கி வெடித்த சிரிப்பு.

"மூண்டு தேவாலயத்திர. ரெண்டு கடையிர. உன்ர ஒண்டு."

நம்பவில்லை. போய் வாங்கி முகர்ந்து பார் என்றாள். முகர்ந்தேன். தேங்காயெண்ணெய். முடி முழுக்க, அடி முதல் நுனி வரை. எண்ணெய் பட்ட முடி தந்தியைப் பிடிக்காது, எவ்வளவு ரோசின் போட்டாலும். தேய்க்கும்போதே கண்டுபிடித்துவிட்டாளாம். கோபத்தில் சொல்லவில்லை, நானே கேட்கட்டும் என்று வாசித்திருக்கிறாள்.

"இதுக்காடி ஆறு வருசம் ஒளிச்சு வெச்ச நீ?"

நானும் சிரித்தேன். வயிறு நோகும்வரை. அவளுடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதானே சண்ட பிடிச்சீங்க" என்றுவிட்டுப் போனார்.

தெரிவுக்குத் தேவாலயத்து வில். முடிவு.

நடந்து வரும் வழியில் சிரிப்பில்லை. ஆறு வருடம் காதில் வைத்திருந்தேன், அது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

13.07 சனி

உம்மாவிடம் கேட்டேன்.

"முடி காஞ்சி சிலும்பிக் கெடந்திச்சி மகள். பெருநாளைக்கு அலுமாரி துடைக்கக்குள்ள கொஞ்சம் தடவி வெப்பன். நல்ல எண்ணெய், நம்மட தேங்காய்."

"எத்தின வருசமா?"

"நீ விட்டதில இருந்துதான்."

"ஏனும்மா எனக்குச் சொல்லல்ல?"

"நீ அதப் பத்திக் கதைக்கவே மாட்டாய். கதைக்காத சாமானப் பத்தி நான் என்னத்தக் கதைக்கிற?" வெங்காயம் உரித்துக்கொண்டே: "என்னைக்காவது எடுப்பாய் எண்டு நெனச்சன். பழுதாப் போச்சா?"

"இல்லும்மா."

உம்மாவுக்கு வயலின் பிடிக்காது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எதை வைத்து நினைத்தேன் என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை.

20.07 சனி

சு. காலை ஆறு மணி பஸ். நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. கறிக்கு உப்பு இரண்டு தரம். ஐந்து மணிக்குப் பாண்டிருப்பில் போய் நின்றேன். வந்தாள், முகம் கறுத்து, பசியோடு.

"எப்பிடி?"

"என்ர கை நடுங்கல்ல. வில்தான் நடுங்கிச்சு."

பாண் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

27.08 செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. சு.வுக்குக் கிடைத்தது. மலைநாட்டு ஆசிரியர் கலாசாலை, இரண்டு வருடம். ஞாயிறு பயணம்.

அவளுடைய அம்மா அழுகை, சிரிப்பு, பலகாரம். தேவாலயத்து வில்லைக் கொடுத்தாயிற்று, கடை வில்லை ஜூலையிலேயே திருப்பினாள். சங்கீதம் படிக்கப் போகிறவளுக்கு வில் இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

31.08 சனி

கொண்டுபோனேன். இந்தத் தடவை பிரித்து, துடைத்து.

சு. முடியை விட்டுத் தடியை மட்டும் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி, நீளவாட்டில், வளைவு இருக்கிறதா என்று. "தடி நல்ல தடி. கொழும்பில முடி மாத்துவாங்களாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "இரவலா, தாறியா?"

"தாறன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மறுகா அலுமாரி வெறிச்செண்டு கெடக்கு எண்டு கடிதம் போடாத."

"தாறன் எண்டன்தானே."

பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். நான் சாறன் துணியை மடித்து எடுத்து வந்தேன்.

12.11 செவ்வாய்

மழை. சு.வின் கடிதம். கொழும்பில் புது முடி போட்டாயிற்று. அதில்தான் வாசிக்கிறாள். டிசம்பர் விடுமுறைக்கு வரமாட்டாள். அந்த நாதத்தை நான் இன்னும் கேட்கவில்லை.