கொசு வளர்த்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது நாய் பிஸ்கட் வாசனை முகத்தில் வந்து மோதியது. என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் முதல் மாணவி, பிஸ்கட்டை மிக்சியில் பொடித்து ஈஸ்ட்டோடு கலந்துகொண்டிருந்தாள். கொசுப் புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. பாதி ரொட்டிக் கடை வாசனை, பாதி புளித்துப்போன மாவு வாசனை. வெளியாட்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"மேடம், தப்பா கலந்துட்டேனா?" என்று பதறினாள்.

"இல்லம்மா, சரியாத்தான் இருக்கு" என்றேன். அவளிடம் உங்களைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

நாம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆய்வு வழிகாட்டி மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, தருமபுரியிலிருந்து பெட்டியோடு அம்பத்தூரில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் காட்டன் சேலையில், தோளில் ஒரு பெரிய பையோடு வந்தீர்கள். பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரு கண்ணு, நானும் சேரத்தான் வந்துகீறேன்" என்றீர்கள். அடுத்த நிமிடமே பையைத் திறந்து டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை நீட்டினீர்கள். காட்டுப்பாக்கத்தில் பிறந்து ஆவடியில் வாழ்க்கைப்பட்டவர், பல வருடமாக ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர், எட்டாம் வகுப்பில் ஒரு மகள், கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை என்பதெல்லாம் சாதம் தீர்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரு ஒரு வருசம் பாருன்னு சொல்லிகீறாரு. ஒத்துவர்லன்னா ஸ்கூலுக்கே திரும்பிடணும். அங்க என் எடத்த அப்டியே வச்சிகீறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு பயம் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மேடம் நம் இருவரிடமும் ஆளுக்கொரு கட்டுக் கட்டுரைகளைக் கொடுத்தார். "படிச்சிட்டு ஒரு கேள்வியோட வாங்க. புத்தகத்துல பதில் இருக்கற கேள்வி வேணாம்." அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடம் படித்ததெல்லாம் பதில் எழுதத்தான். கேள்வியை எங்கே போய்த் தேடுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அன்றிலிருந்து ரயிலில் மகளிர் பெட்டிதான் நமக்குப் படிக்கும் அறை. நீங்கள் ஆவடியில் ஏறி எனக்கும் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பீர்கள், நான் அம்பத்தூரில் ஏறுவேன். ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பத்தியை நான் வாசிக்க, நீங்கள் அதைத் திருப்பிச் சொல்வீர்கள். நான் மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறாத ஒன்று, நீங்கள் சொன்னால் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கே புரிந்துவிடும். புள்ளியியல் மட்டும் உங்களுக்கு வேப்பங்காய். அதை நான் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கும் ஹோம்வொர்க்கா? மார்க்கு கம்மியா வந்தா யாருகிட்ட கையெழுத்து வாங்குவ?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி வில்லிவாக்கம் வரை சிரித்தீர்கள்.

வீடு வீடாகப் போய்க் கொசுப் புழு எடுக்கும் வேலை வந்தபோது என்னால் முடியவில்லை. அடையாள அட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு, "வணக்கம், நாங்கள் ஆய்வுக்காக வந்திருக்கிறோம்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பேன். கதவு மூடிக்கொள்ளும். வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் காவலாளி என்னை வாசலைக்கூடத் தாண்ட விடவில்லை. இந்தப் படிப்பே எனக்கு ஒத்துவராது என்று ஊருக்குப் பேருந்து ஏறும் எண்ணம்கூட வந்தது. மறுநாள் நீங்கள் என்னோடு வந்தீர்கள்.

அம்பத்தூரில் ஒரு வீட்டம்மா கேட்டுக்கு உள்ளேயிருந்தே கத்தினார்: "இன்னா, கார்ப்பரேசனா? எங்க ஊட்ல கொசுவே கெடையாது, போங்கோ!"

"மெட்ராஸ்ல கொசு இல்லாத ஊடா? தொறங்க்கா, நானும் இங்கியே குடி வந்துட்றேன்" என்றீர்கள். அந்த அம்மா சிரித்துவிட்டார். கேட் திறந்தது. தண்ணீர்த் தொட்டி, பழைய டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு என்று எல்லாவற்றையும் அவரே கூட்டிப்போய்க் காட்டினார். கடைசியில் மோரும் கொடுத்தார்.

அந்த வீட்டில்தான் உங்கள் கேள்வி கிடைத்தது. "வாரா வாரம் தண்ணிய கொட்டிட்டு மாத்தறேன், அப்பவும் புழு வருது" என்று அந்த அம்மா அங்கலாய்த்தார். எங்கே போனாலும் எல்லோரும் சொல்வதுதான். நான் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் நகரவில்லை. காலித் தொட்டிக்குள் தலையை விட்டு, உள் சுவரில் விரலால் தடவிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினீர்கள். விரல் நுனியில் கரித்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள். டெங்கு கொசுவின் முட்டைகள்.

"தண்ணிய கொட்றாங்கோ. செவுத்த தேய்க்கறதில்ல. முட்ட அங்கியே ஒட்டிகினு கீது. மறுபடி தண்ணி ஊத்தனா பொரிஞ்சிடுது."

முட்டை காய்ந்தும் உயிரோடு இருக்கும் என்பது நாம் படித்ததுதான். ஆனால் நம் ஊர் வெயிலில், நம் வீடுகளின் சிமென்ட் தொட்டியில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், பிளாஸ்டிக் டிரம்மில் எத்தனை நாள், நார் போட்டுத் தேய்த்தால் எவ்வளவு போகும்? ரயிலில் திரும்பும்போது கட்டுரைகளையெல்லாம் புரட்டினோம். ஒன்றிலும் இல்லை. "கண்ணு, இதான் போல கேள்வி" என்று மெல்லிய குரலில் சொன்னீர்கள்.

ஆனால் வெளியே அப்படிச் சிரிக்கவைத்துப் பேசிய நீங்கள், துறைக்குள் வந்தால் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து ஆய்வகத்தில் சிலர் உங்கள் 'கீது'வைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். உங்களுக்கு அதையே பட்டப் பெயராகவும் வைத்திருந்தார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "இருக்கிறது, இருக்கிறது" என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு அழுகையாக வந்தது. "அக்கா, இதெல்லாம் வேணாம்" என்றேன். "கமிட்டிக்கு வேணும்ல" என்றீர்கள்.

கமிட்டி என்றால் நம் முதலாண்டுக் குழுக் கூட்டம். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவார். ஒரு வருடம் செய்ததை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். அவர்கள் திருப்திப்பட்டால் தொடரலாம், இல்லையென்றால் இல்லை. உங்களுக்கு அது பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்ற தீர்ப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் எறும்பு வந்தது. முட்டை ஒட்டிய காகிதத் துண்டுகளை நீங்கள் மாதக் கணக்கில் காயவைத்துப் பெட்டியில் அடுக்கியிருந்தீர்கள். ஒரு திங்கட்கிழமை மூடியைத் திறந்தால், உள்ளே சிவப்பாக எறும்புக் கூட்டம். ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. நீங்கள் கழிவறைக்குப் போனீர்கள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து, "கிண்ணம் கீதா?" என்று கேட்டீர்கள். மேசைக் கால் ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தீர்கள். வைத்து முடித்துவிட்டு ஒரு கணம் நின்றீர்கள். "அய்யய்ய, இதுலயே கொசு வந்துடுமே" என்று ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டீர்கள். அழுது சிவந்த கண்ணோடு நீங்கள் சிரித்த அந்தச் சிரிப்பு, அக்கா! அன்று சாயங்காலமே கொசுக்கள் முட்டையிடப் புதிய காகிதங்களை வைத்தீர்கள். ஆனால் கூட்டத்துக்குள் அவை தயாராகாது என்று நம் இருவருக்குமே தெரியும்.

கூட்டத்தன்று நான் முதலில் பேசினேன். ஒருவழியாகத் தப்பித்தேன். அடுத்து நீங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தீர்கள். திரையில் முதல் இரண்டு படங்கள் நன்றாகப் போயின. மூன்றாவதில் பேச்சு நின்றுவிட்டது. திரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பின் வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"பரவால்லம்மா, தமிழ்லயே சொல்லுங்க" என்றார் அந்த நிபுணர். வயதானவர், கனிவாகத்தான் சொன்னார்.

"முட்டைகள் தொட்டியின் உட்புறச் சுவரில் ஒட்டிக்கொண்டு... இருக்கின்றன..." என்று பாடப்புத்தகம் போல ஆரம்பித்தீர்கள். அதுவும் தடுமாறியது. அப்போது நீங்கள் ஒன்று செய்தீர்கள். கையிலிருந்த தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"சார், நான் பேசற மாறியே சொல்லிட்றேன். ஊட்டுக்கு ஊடு போய்ப் பாத்துட்டு வந்துகீறேன். அல்லாரும் தண்ணிய மாத்தறாங்கோ சார். சோம்பேறித்தனமே கெடையாது. அப்பவும் புழு கீது. ஏன்னா முட்ட தண்ணில இல்ல, செவுத்துல கீது."

பிறகு நிற்கவே இல்லை. தொட்டி, டிரம், வெயில், நார் என்று எல்லாவற்றையும் சொன்னீர்கள். எறும்பு தின்றதையும் மறைக்காமல் சொன்னீர்கள். பின் வரிசையில் இப்போது சத்தமே இல்லை. நிபுணர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நம்ம சிமென்ட் தொட்டியில அந்த முட்டை எத்தனை நாள் உயிரோட இருக்கும்?"

"தெர்ல சார். அத்த கண்டுபுடிக்கத்தான் வந்துகீறேன்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கோப்பை மூடினார். "இந்த வருஷத்துக்கு இது போதும்" என்றார். வெளியே வந்ததும் உங்களிடம், "இனிமே இப்படியே பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று ரயிலில் நீங்கள் கணவருக்கு போன் செய்தீர்கள். "ஸ்கூல்ல என் எடத்துக்கு வேற ஆள பாத்துக்க சொல்லிட்றேன்யா." அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, உங்கள் முகம் கல்யாணப் பெண்ணுடையது போல ஆகிவிட்டது. பெட்டியே உங்களைத்தான் பார்த்தது.

மீதியெல்லாம் நீண்ட வேலை. காத்திருப்பு, திரும்பி வந்த கட்டுரைகள், மறுபடி எழுதியவை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். என் கட்டுரைக்காக நீங்கள் எத்தனையோ கேட்டுகளைத் திறந்துகொடுத்தீர்கள். வாய்மொழித் தேர்வன்று உங்கள் மகள் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் கை தட்டினாள். பட்டம் வாங்கிய பிறகு சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனீர்கள். "தண்ணிய கொட்னா பத்தாது, நார் போட்டு தேய்க்க சொல்லு" என்று நீங்கள் சொன்னதை அவர்கள் அப்படியே வீடுகளில் சொன்னார்கள். மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிறகு அந்த நோய். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மருத்துவமனைப் படுக்கையிலும் என் வேலைக்கான நேர்காணல் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டீர்கள். வேலை கிடைத்ததைச் சொன்னபோது என் கையைப் பிடித்து, "உன்கிட்ட சேர்ற புள்ளைங்க குட்துவச்சதுங்கோ" என்றீர்கள். சில வாரங்களில் போய்விட்டீர்கள்.

போன மாதம் ஆவடிக்குப் போயிருந்தேன். உங்கள் வீட்டு கேட்டில் புதுப் பெயர்ப்பலகை. முதலில் உங்கள் பெயர், அதற்கு முன்னால் 'முனைவர்'. கீழே சின்ன எழுத்தில் உங்கள் கணவர் பெயர். "போஸ்ட்மேன் கேட்டாரு, இன்னா சார், ஊட்ல டாக்டரான்னு. ஆமான்னு சொன்னேன்" என்றார். அப்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நானும் கருத்தரங்குகளுக்குப் போகிறேன், அக்கா. புதிதாக அறிமுகமாகிறவர்கள் யாரிடம் ஆய்வு செய்தீர்கள் என்று கேட்பார்கள். மேடத்தின் பெயரைச் சொல்வேன், தலையசைத்துக்கொள்வார்கள். யாரோடு செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் கேட்காமலேயே நான் உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.