பக்கத்து வீட்டு லைற்

12.02.2003, புதன். லாசால்.

சண்டையில் அறுந்துபோன மின்கம்பிகளைச் சாவகச்சேரியில் திரும்ப இழுக்கிறார்கள். தம்பி சிவாவுக்கு அந்த வேலைதான். இன்று எங்கள் வீட்டு ஒழுங்கையில் இழுக்கிறார்கள். இங்கே இரவு, அங்கே காலை.

அந்த வீட்டில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். ஒரே சந்தோசம் அவளுக்கு.

“அண்ணை, தண்ணி இறைக்க ஜெனரேட்டர் வாங்கி மெயின் போர்டிலை கொழுவியாச்சு. புதினத்தைப் பாருங்கோ, பக்கத்து வீட்டு லைற்றும் எரியுது!”

ஊரில் நானும் லைன் வேலை செய்தவன். மெயின் சுவிச்சை நிறுத்தாமல் கொழுவியிருக்கிறார்கள். கரண்ட் வீட்டிலிருந்து வெளிக்கம்பிக்குப் போகிறது. அந்தக் கம்பியில் கரண்ட் இல்லையென்று நம்பித்தான் சிவா கை வைப்பான்.

“ஐயோ, அதை நிப்பாட்டு! சிவா லைற் போஸ்ற்றிலை ஏறப்போறான்!”

“ஒண்டும் கேக்கேல்லை அண்ணை, ஜெனரேட்டர் இரையுது. பேந்து எடுங்கோ.”

வைத்துவிட்டாள். அதோடு போன் கார்டும் முடிந்தது. பனிக்குள் மூலைக்கடை தெப்பனருக்கு ஓடி இன்னொன்று வாங்கி வந்தேன். சிவாவிடம் போன் இல்லை. அவனுடைய மின்சாரக் கந்தோரில் போனை யாரும் எடுக்கிறார்களில்லை.

“ஒண்டும் நடக்காது, படுங்கோ” என்கிறாள் மனைவி.

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அங்கே தங்கச்சியின் போன் மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த இரைச்சலுக்குள் அவளுக்கு இது எங்கே கேட்கப்போகிறது?