‘இல்லை’ என்று நிரப்பிய படிவம்

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை.

உன் தங்கை துணி ஆலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். இடது முன்கை வெந்துபோய்க் கட்டுப் போட்டிருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை, பதறாதே, பதற வேண்டிய நாளில் நாம் இருவரும் பதறவில்லை. வேலைக்குச் சேரும்போது கொடுத்த படிவத்தில் ‘தினமும் மருந்து சாப்பிடுபவரா’ என்று கேட்டிருந்தார்களே, பொய் எழுத மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். நீதான் போனில், “மூணு வருஷமா வலிப்பு வரவே இல்லையே, மாத்திரையை நிறுத்திடு, அப்புறம் இல்லைன்னு எழுது, பொய்யே கிடையாது” என்று யோசனை சொன்னாய். படித்த பிள்ளை சொல்கிறானே என்று நானும் மாத்திரை டப்பாவைப் பரணில் போட்டேன். பொய் சொல்லக் கூசிய குடும்பம் நம்முடையது. இருபதாம் நாள் விழுந்தாள்.

டாக்டரம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். மூளை நரம்புகள் மின்சாரத்தால்தான் ஒன்றோடொன்று பேசுமாம், எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினால் வலிப்பாம். மாத்திரை அந்தக் கூச்சலை அடக்கி வைக்குமே தவிர நோயை வேரோடு பிடுங்காதாம். இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடக் கூடாது என்றுதான் வேளை தவறாமல் போடச் சொல்கிறார்களாம், நிறுத்துவதானாலும் அவர்களே பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்களாம். “காவக்காரன் இருந்ததாலதாம்மா திருடன் வரல, திருடனே இல்லைன்னு காவக்காரனை அனுப்பிட்டீங்களே” என்றார்.

ஆலை மேற்பார்வையாளன் ஆஸ்பத்திரிக்கே வந்தான். பழம் கொண்டுவருவான் என்று பார்த்தால் தாள் கொண்டுவந்தான், ‘நோயை மறைத்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். உண்மையை எழுதியிருந்தால் வாசலிலேயே துரத்தியிருப்பான், எழுதாததால் கட்டில்வரை வந்து துரத்துகிறான். இவள் படுத்தபடியே, “மாத்திரையை நிறுத்தினாதான் உங்க ஆலையில வேலை, அதையும் சேர்த்து எழுதுங்க சார், போடறேன்” என்றாள். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டான். வேலையும் போய்விட்டது.

நேற்று இன்னொரு ஆலையின் படிவம் வந்தது. அதே கேள்வி. ‘ஆம், காலை எட்டு, இரவு எட்டு’ என்று வலது கையால் அழுத்தி எழுதினாள். கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிப் போனில் அவளிடம் ‘மறுபடி வந்துச்சா’ என்று கேட்காதே, ‘மாத்திரை போட்டியா’ என்று கேள்.

இப்படிக்கு,
டப்பாவைப் பரணில் போட்ட
உன் அம்மா